அளவு மாறாத கால்

ஜனவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

சுண்டு எழுதுவது. கை கால் எல்லாம் ஒழுங்காக, பெட்டியும் தொலையாமல் வந்து சேர்ந்துவிட்டேன். நான் சுகம். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கடிதம் கிடைத்த அன்றே எழுதவும்.

பெட்டி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தில் அதைத் திறக்கச் சொன்னார்கள். துணிகளுக்கு நடுவே துண்டில் சுற்றி வைத்திருந்த உன் காலின் அச்சைப் பார்த்ததும் அந்த அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. முழங்காலும் அதற்குக் கீழே ஒரு சாணும், வெள்ளை வெளேரென்று பிளாஸ்டரில். தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். இது என்ன என்று கேட்டார்கள். எனக்கு வந்த அரைகுறை பாஷையில், "எங்க அண்ணன்" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டி, செயற்கைக் கால் செய்கிற பட்டறையிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு வந்திருக்கிறேன், இது படிப்புக்கான அச்சு என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அறை மூன்றாவது மாடியில். ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவரோரம் போகும் ஒரு வெந்நீர்க் குழாய். அந்தக் குழாய் நாள் முழுக்க யாரோ பெருமூச்சு விடுவதுபோல் சத்தம் போடுகிறது. வகுப்பில் பதினொரு பேர். நாற்பத்தொரு வயதில் நான்தான் மூத்தவள். பாடம் சொல்பவருக்கு இருபத்தொன்பது வயது. அதனால் அவருக்கு நான் சின்ன வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டேன். முதல் நாளே, "இதுவரைக்கும் செஞ்சு பழகினதை எல்லாம் ஓரமா வச்சிருங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நீ பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டு போன காலத்திலேயே நான் நூறு பேரை நடக்கவைத்தவள் தம்பி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

படிப்பு முடியும்போது ஒவ்வொருவரும் தங்கள் ஊர் நோயாளி ஒருவருக்குப் புது முறையில் ஒரு கால் செய்து காட்டவேண்டும். என் நோயாளி நீதான்.

அதுவரை பழைய காலைப் பார்த்துப் பயன்படுத்து. கடையிலிருந்து வந்ததும் கழற்றிவிடு. தளர்ந்தால் உள்ளே இன்னொரு காலுறை போடு. எங்காவது சிவந்தால் பட்டறையில் என் இடத்தில் இருக்கும் அக்காவிடம் காட்டு. காட்டமாட்டாய் என்று தெரியும். "என் தங்கச்சி கையைத் தவிர வேற ஒருத்தர் கை இதுல படக்கூடாது" என்று நீ எல்லோர் முன்னாலும் சொன்னதை அங்கே இன்னும் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

அண்ணிக்கு என் அன்பு.

சுண்டு


பிப்ரவரி 3

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் ஆசியோடு எழுதுகிறேன். நாங்கள் நலம். கால் ரொம்ப நலம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிர் ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

உன் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். காஜா போடுகிற பெரியவர் சிரித்த சிரிப்பில் ஊசியை விரலில் குத்திக்கொண்டார். "மொதலாளி, உங்க காலு வெளிநாடு போயிருச்சு, நீங்க இங்க கெடக்கீங்க" என்று இப்போது தினமும் ஒரு தடவை சொல்கிறார்.

கடையில் மூச்சுவிட நேரமில்லை. ஒரே பள்ளிக்கூடத்துக்கு நூற்று நாற்பது சீருடை. அதற்கு நடுவில் நம் மரக்கடைக்காரர் வந்து, "அளவு எல்லாம் வேணாம்ப்பா, பழைய புஸ்தகத்துல இருக்கிறதே போதும், தச்சுரு" என்கிறார். கடைசியாக அவரை அளந்து இரண்டு வருஷம் ஆகிறது. "அண்ணே, உங்க உடம்பு என்ன கல்வெட்டா, வெட்டி வச்ச மாதிரியே இருக்க?" என்று கேட்டு டேப்பைச் சுற்றினேன். இடுப்பில் நாலு அங்குலம் கூடியிருந்தது. மனுஷர் டேப்பைத்தான் சந்தேகப்பட்டார்.

கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் உயரமாக ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறேன், வருகிறவர்கள் உட்கார வசதியாக. நீ கவலையில்லாமல் படி. உன் அண்ணி கீழே ஏதோ எழுதவேண்டுமாம்.

அண்ணன்

சுண்டு, காலுறை ஆறு அனுப்ப முடியுமா? இருப்பது போதவில்லை. தினமும் மூன்று துவைக்கப் போடுகிறார். கேட்டால் வெயில் என்கிறார். இங்கே அப்படி ஒன்றும் வெயில் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணி.


பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணா, அண்ணி,

உங்கள் கடிதம் கிடைத்து மனம் நிறைந்தது. எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. மற்றபடி குறையில்லை. அங்கே எல்லோரும் சுகமா?

கட்டிங் மேஜைப் பக்கம் எந்த வாடிக்கையாளர் வந்து உட்காருகிறார்? எனக்குத் தெரிந்து அந்தப் பக்கம் நீ மட்டும்தான் நிற்பாய்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. நாம் செய்கிற காலை முதலில் நாமே போட்டு நடக்கவேண்டும். முழங்காலை மடக்கிக் கட்டி, அதற்குக் கீழே நாங்கள் செய்ததை மாட்டி, ஒரு நாள் முழுக்க அதோடு இரு என்று அனுப்பிவிடுகிறார்கள். நேற்று என் முறை. பஸ் நிறுத்தம் வரை போய்வரச் சொன்னார் சின்ன வாத்தியார். போகும்போது எனக்கு எத்தனை தலைக்கனம் தெரியுமா? நான் செய்ததாயிற்றே! ரொட்டிக்கடை தாண்டுவதற்குள் தொடையில் நெருப்பு வைத்த மாதிரி ஆகிவிட்டது. நடைபாதையில் ஒரு கல் அரை அங்குலம் தூக்கியிருந்தது. அதே தெருவில் ஆறு வாரமாக நடக்கிறேன், அந்தக் கல்லை நேற்றுத்தான் பார்த்தேன். திரும்பி வந்ததும் அவர் கேட்டார், "வலிச்சுதா?" நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய்? "இல்லை" என்றேன். வெட்கமாக இருந்தது, அதனால் பொய் சொன்னேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்து மூன்று வருஷமாக உன்னிடம் அதே கேள்வியைக் கேட்டு, நீ சொல்லும் "இல்லை"யை அப்படியே உன் பட்டறை அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

காலுறை பொட்டலம் தனியாக வருகிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். தினமும் மூன்று போடுகிறாயே, ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுகிறாயா, ஒன்றின் மேல் ஒன்றாகவா? மேலே மேலே என்றால் உன் கால் இளைத்து, அதை நுழைக்கிற சாக்கெட் குழிக்குள் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அடியில் போய் இடிக்கும், புண்ணாகும். இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுது. அல்லது ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போன் பண்ணு. எண் பின்பக்கம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
சுண்டு


மார்ச் 24

அன்புத் தங்கச்சிக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் நலமாக இருக்கிறோம். உன் சளி போனதில் சந்தோஷம்.

காலுறை வந்தது. நல்ல மெது. சீருடை எல்லாம் முடித்துக் கொடுத்தாயிற்று. காஜாக்காரர் பேத்திக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டு மூடவில்லை. நம் வீட்டுக் கூரையில் ஒரு ஓடு உடைந்து மாற்றினோம். உன் அண்ணிக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று, பழையதைவிட எடுப்பாக இருக்கிறது. போன் பூத்தை மாடிக்கு மாற்றிவிட்டான் அந்தக் கடைக்காரன், அங்கே போய் வரிசையில் நிற்க யாருக்கு நேரம்? கடிதமே போதும், எடுத்து எடுத்துப் படிக்கலாம்.

சுண்டு, ஒரு விஷயம். நீ படிக்கப் போயிருக்கிறாய். என் காலைப் பற்றி யோசிக்கப் போகவில்லை. நீ கல்லூரியில் சேர்ந்து நாலே மாதம், அந்த லாரிக்காரன் என் காலை எடுத்தான். நான் உன் படிப்பை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடந்தாய். அப்புறம் எனக்குக் கால் செய்த பட்டறையிலேயே எடுபிடியாகச் சேர்ந்து, தொழில் கற்று, இன்றைக்கு இந்த நிலைக்கு வந்தாய். ஊர் உன்னைப் புகழ்கிறது. ஆனால் நீ போகவேண்டிய கல்லூரி வழியாக எனக்கு இன்றைக்கும் போகப் பிடிக்காது, சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போவேன். இப்போது மறுபடி நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறாய். இதுவும் என் காலால் நிற்குமானால் நான் மனுஷனே இல்லை. ஆறு மாதத்தையும் முழுசாக முடித்துவிட்டு வா. அதற்கு முன்னால் வந்தால் நான் பேசமாட்டேன்.

அண்ணியின் அன்பும் இதோடு.

அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

சுகம். உங்கள் சுகமும் வேண்டும்.

ஓடு, கண்ணாடி, பள்ளம் எல்லாவற்றையும் பற்றி எழுதினாய். நான் கேட்ட ஒன்றைப் பற்றி மட்டும் எழுதவில்லை. சரி, போகட்டும்.

அடுத்த மாதம் உன் காலை வார்க்கப்போகிறேன். நான் கொண்டுவந்த அச்சைச் சின்ன வாத்தியார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஜனவரி மாசத்துக் கால். எனக்கு இன்னைக்குக் கால் வேணும்" என்றார். அதனால் புது அளவு வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழ் விளிம்பிலிருந்து மூன்று மூன்று விரல்கடையாக இறங்கி, நாலு இடத்தில் சுற்றளவு. சென்டிமீட்டரில். பட்டறை அக்கா ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார். அவரிடம் போக மனமில்லையென்றால் நீயே எடு. ஊரையே அளக்கிறவன், உன்னை அளக்கத் தெரியாதா?

இந்த மாதக் கடைசிக்குள் வேண்டும்.

சுண்டு


ஏப்ரல் 20

அன்புத் தங்கச்சிக்கு,

நலம், நலமே நாடுகிறேன்.

கேட்ட அளவு இதோ. நானே உட்கார்ந்து நிதானமாக எடுத்தேன். முப்பத்து மூன்றரை. முப்பத்திரண்டு. முப்பதே கால். இருபத்தேழு. போதுமா? உன் சின்ன வாத்தியாரிடம் சொல், இந்த டேப் இருபத்தைந்து வருஷத்தில் ஒரு நூல் தப்பியதில்லை.

கடையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். அண்ணி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்


மே 1

அண்ணா,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்து என்ன பிரயோஜனம்?

முப்பத்து மூன்றரை, முப்பத்திரண்டு, முப்பதே கால், இருபத்தேழு. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் உன் அட்டையில் என் கையால் நான் எழுதியது இது. அந்த அட்டையை உன் அளவுப் புத்தகத்தில் செருகிவிட்டு வந்ததும் நான்தான். ஒரு கால் சென்டிமீட்டர்கூட மாறவில்லை. வெட்டுப்பட்ட கால் காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. நாலு மாதம் அப்படியே இருப்பது பொம்மைக்கடையில் இருக்கும் கால். மரக்கடைக்காரரைக் கல்வெட்டா என்று கேட்டவன் நீதானே? நீ டேப்பைக் கையில் எடுக்கவே இல்லை. எடுக்க முடியாத அளவுக்கு அங்கே ஏதோ இருக்கிறது.

ஸ்டூல் உனக்கு. மூன்று காலுறையும் ஒன்றின் மேல் ஒன்று. மாடி ஏற முடியாததால்தான் போன் இல்லை. இதையெல்லாம் நான் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு, கடல் தாண்டி ஒரு மேஜையில் உட்கார்ந்து, இல்லாத காலுக்குச் சாக்கெட் செய்யவேண்டுமா?

அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி திரும்புகிறேன். படிப்பு போனால் போகட்டும். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை.

சுண்டு


மே 1

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்குத் தனியாக ஒரு கடிதம் இதுவரை எழுதியதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உங்களை மட்டும் நினைத்து இதைக் கேட்கிறேன்.

அண்ணன்மேல் கத்திவிட்டு இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு பெண் ஏணி போட்டு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள், கீழே ஒருவன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏன் என்று தெரியவில்லை, உங்கள் ஞாபகம் வந்தது. கல்யாணமாகி ஐந்தாம் நாள். நீங்கள் வெந்நீரும் துண்டுமாக அண்ணன் அறைக்குள் வந்தீர்கள். "குடுங்க அண்ணி, இதெல்லாம் உங்களுக்குப் பழக்கம் இருக்காது, நான் பாத்துக்கறேன்" என்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டு நான் கதவைச் சாத்தினேன். மறுநாள் வெந்நீரைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனீர்கள். இருபது வருஷமாக அப்படித்தான் வைக்கிறீர்கள்.

அன்று உங்களுக்கு உதவுகிறேன் என்றே நினைத்தேன். அது பாதிதான் உண்மை அண்ணி. அந்தக் கால் என்னுடையது என்று எனக்கு ஒரு நினைப்பு. அதற்காகப் படிப்பை விட்டவள் நான், நேற்று வந்தவர் எப்படித் தொடலாம் என்று. யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அவன் வேறு யாரிடமும் காலைக் காட்டமாட்டேன் என்றபோதெல்லாம் உள்ளூரக் குளிர்ந்துபோனேன். இப்போது நான் இல்லை, புண்ணோடு தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனை அப்படி ஆக்கியது நான்.

என்னை மன்னியுங்கள். கோபம் இருந்தால் திட்டியே எழுதுங்கள்.

ஒரு வேலை செய்வீர்களா? அவனை உட்காரவைத்து நீங்கள் அளவெடுங்கள். எங்கே எங்கே என்று தனித்தாளில் வரைந்திருக்கிறேன். டேப்பை இழுக்காதீர்கள், தொட்டும் தொடாமலும் சுற்றவேண்டும். புண் இருந்தால் எந்த இடம், எத்தனை பெரிது என்று எழுதுங்கள். அவன் மறுப்பான்.

உங்கள்
சுண்டு


மே 15

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணி எழுதுவது. அவர் கடிதத்தின் அடியில் இரண்டு வரி எழுதித்தான் எனக்குப் பழக்கம், முழுத்தாளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. எனக்குச் சுகம்தான். நீ கேட்டது நன்றாக இருந்தது.

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. எனக்கு எழுதியதைப் படித்துவிட்டு அவர் வரும்வரை காத்திருந்தேன். ஆறு மணிக்கு வந்தார், நேராக அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெந்நீர் கொண்டுபோய்த் தட்டினேன்.

"வெளிய வச்சுட்டுப் போ" என்றார்.

"இன்னைக்கு உள்ள கொண்டு வர்றேன்."

"வேணாம்."

"அப்ப நான் இங்கயே உக்காந்திருக்கேன். அடுப்பையும் அணைச்சாச்சு. சாப்பாடும் கெடையாது."

சொன்னபடியே கதவோரம் உட்கார்ந்துவிட்டேன். பிறகு, "பாத்தா உனக்கு அருவருப்பா இருக்கும்" என்றார், அழுகிற குரலில்.

"இருபது வருஷமா உங்க கொறட்டையைக் கேக்கறேன். அதை விடவா?"

கதவு திறந்தது. சுண்டு, அடியில் சட்டைப் பொத்தான் அகலத்துக்குப் புண். சுற்றிலும் சிவந்து, தொட்டால் சுட்டது. மார்ச் மாதம் தொடங்கியதாம். என் பழைய புடவையைக் கிழித்து அவரே கட்டுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், அந்தத் துணி எங்கே போகிறது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, பயத்தில் இல்லை, கோபத்தில். அழுதுகொண்டே கழுவினேன். "வலிக்குதா?" என்றேன். "இல்ல" என்றார். கையை எடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான், "உயிர் போகுது" என்றார்.

மறுநாள் ஆட்டோ வைத்துப் பட்டறை அக்காவிடமும் டாக்டரிடமும் கூட்டிப்போனேன். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் முழங்காலுக்கே ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் திட்டினார். மருந்து கொடுத்திருக்கிறார்கள். புண் ஆறும்வரை ஆறு வாரம் கால் போடக்கூடாது. இரண்டு பக்கமும் கட்டையை ஊன்றிக் கடைக்குப் போகிறார், ஸ்டூலில் உட்கார்ந்து வெட்டுகிறார். முதல் நாள் தலை குனிந்தபடியே இருந்தாராம். காஜாக்காரர், "இத்தனை நாளும் நீங்க நின்னுக்கிட்டே வெட்டினதுல எனக்குத்தான் மொதலாளி கால் வலிச்சுது" என்றாராம். பிறகு சரியாகிவிட்டார்.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. இல்லை என்று எழுதினால் அது பொய். கதவைச் சாத்தியது நீ. ஆனால் இருபது வருஷமாகத் தட்டாமல் இருந்தவள் நான். ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வோம்.

அளவு. முப்பத்திரண்டு. முப்பது. இருபத்தொன்பது. அடியில் வீக்கம் இருப்பதால் இருபத்தெட்டரை. மூன்று தடவை எடுத்தேன்.

நீ கிளம்பி வராதே. அவருக்காகச் சொல்லவில்லை. உன் படிப்புக்காகத்தான் மனுஷர் புண்ணைப் பொத்தி வைத்திருந்தார். நீ பாதியில் வந்து நின்றால் அந்த இரண்டு மாத வலிக்கும் அர்த்தமில்லாமல் போகும். அப்படியும் வந்தாயானால் இந்த முறை கதவு உனக்குத் திறக்காது, ஆமாம்.

அண்ணி


ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணாவுக்கும்,

பயணத்தை ரத்து செய்துவிட்டேன் என்று தந்தி அடித்தது கிடைத்திருக்கும். நான் நன்றாக இருக்கிறேன். அண்ணியின் ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்கள் ஒன்றுவிடாமல் வந்தன. அண்ணி, நாலு வாரத்தில் நாலு விதமான அளவு! வீக்கம் வாராவாரம் இறங்குவதை உங்கள் எண்களிலேயே கண்ணால் பார்த்தேன். வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன். "இதை எடுத்தவங்க எந்த ஆஸ்பத்திரியில வேலை பாக்கறாங்க?" என்று சின்ன வாத்தியார் கேட்டார். எங்கள் வீட்டில் என்றேன்.

கால் தயாராகிவிட்டது. இதோடு ஒரு பெட்டி வருகிறது. நான் திரும்பிவர இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. போன வருஷமாக இருந்தால், நான் வரும்வரை அதைத் தொடாதே என்று எழுதியிருப்பேன். இப்போது சொல்கிறேன், டாக்டர் சரி என்றதும் பட்டறைக்குப் போங்கள். அக்கா பொருத்துவார், அண்ணி பக்கத்தில் இருங்கள். அவன் முதல் எட்டு வைப்பதை இதுவரை ஒவ்வொரு காலுக்கும் நான்தான் எதிரில் நின்று பார்த்தேன். இந்தத் தடவை நான் இல்லை. எழுதும்போதே வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இதுதான் சரி.

பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கும், அதை அண்ணன் நிரப்பி அனுப்பவேண்டும். எங்கே வலிக்கிறது, எத்தனை நேரம் கழித்து, எப்படிப்பட்ட வலி. அதை வைத்துத்தான் எனக்கு மதிப்பெண். போன வருஷம் ஒருவருடைய நோயாளி, எல்லாம் சௌகரியம் என்று எழுதி அனுப்பினாராம். சின்ன வாத்தியார் அந்தத் தாளைத் திருத்தவே இல்லை. "மொத தடவையே வலிக்காத கால் உலகத்துலயே கெடையாது. இவரு உங்களுக்கு மரியாதை குடுத்திருக்காரு, விவரம் குடுக்கல" என்றாராம்.

அதனால் அண்ணா, என் படிப்பு முடியவேண்டும் என்று நிஜமாகவே நினைத்தால் நீ என்ன செய்யவேண்டும் என்று உனக்கே தெரியும்.

சுண்டு


ஜூலை 4

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் அண்ணிக்குச் சளி, மற்றபடி சுகம். என்னைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பொருத்தினார்கள். இரண்டு பக்கமும் கம்பி பிடித்து நடக்கிற அந்த இடத்தில் ஒரு முனையில் நான், மறுமுனையில் உன் அண்ணி. பதினொரு எட்டு நடந்தேன். அவள் பாட்டுக்குப் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள், பிடிக்க விடவில்லை. பட்டறை அக்காவின் கை பட்டால் கூச்சமாக இருக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்தேன். அந்த அம்மா காலைப் பிடித்துக்கொண்டே தன் மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். கூச்சப்பட நேரமே தரவில்லை.

இனி வலி. முழங்காலுக்கு வெளிப்பக்கம், சில்லுக்கு இரண்டு விரல் கீழே, பத்து நிமிஷம் நடந்தால் எலும்பில் உரசுகிறது. உன் அண்ணி அந்த இடத்தில் என் தையல் சாக்பீஸால் குறி போட்டாள், அக்கா வியாழக்கிழமை தேய்த்துவிட்டார், இப்போது பாதி குறைந்திருக்கிறது. பின்பக்க விளிம்பு உட்காரும்போது தொடை நரம்பை அழுத்துகிறது. ஸ்டூலில் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. படி இறங்கும்போது பயமாக இருக்கிறது. அது வலியில் சேருமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். பழைய புண் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. இது நிஜம், வேண்டுமானால் அண்ணியைக் கேள்.

இன்னொன்று உண்டு. போன கால்கள் எதற்கும் இதைச் சொன்னதில்லை. நீ கேட்டபோதெல்லாம் இல்லை என்றேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நீ நினைத்து, படிப்பை விட்டது போதாமல் அதற்கும் அழுவாயோ என்று பயம். இல்லாத பாதம் வலிக்கிறது, சுண்டு. அந்த லாரி ஏறிய நாளிலிருந்து வலிக்கிறது. சில நாள் யாரோ முறுக்குவதுபோல் இருக்கும், எட்டிப் பிடித்துவிடலாம் என்று குனிவேன், அங்கே தரைதான் இருக்கும்.

நேற்று அதை உன் அண்ணியிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, பதறவுமில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எந்த வெரல்?" என்று கேட்டாள்.

கட்டைவிரல் என்றேன். உன் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அண்ணன்